பொழிக்கு மேற்கே இருநூறு மீட்டர்

குற்றச்சாட்டு இதுதான்: 2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, கடலோர நீர்விளையாட்டு அனுமதிப் பிரிவு என்னும் அலுவலகம், மணலில் ஒரு காலடிகூட எடுத்து வைக்காமல், மேசைமேல் இருந்த கணிப்பொறியை மட்டும் பார்த்துவிட்டு, புன்னந்துறைக் கடற்கரையின் ஒரு பகுதியைக் கடல் என்று எழுத்தில் அறிவித்தது. அதே நாளில் அந்த மணலில் எட்டு வள்ளங்கள் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. இரண்டு பேர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தின் நிழலில் ஒரு நாய் உறங்கிக்கொண்டிருந்தது. இவற்றுள் எதுவும் நனைந்திருக்கவில்லை.

அலுவலகக் கடிதத்தின் வாசகம் பின்வருமாறு: "மனுதாரர் குறிப்பிட்டுள்ள இடம் கடலுக்குள், பாறைத் திட்டின் அருகில் அமைந்துள்ளது. கரையே இல்லாத இடத்தில் கரையிலிருந்து இறங்குவதற்கு அனுமதி வழங்க வழியில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது."

மனுதாரரின் பெயர் ஏசுஅடிமை. வயது ஐம்பத்து மூன்று. தேங்காய்ப்பட்டணத்துக்குப் போகும் சாலையோரத்தில் கார் உறை, பந்தல் துணி, வள்ளங்களுக்கான தார்ப்பாய் ஆகியவற்றைத் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். கடிதம் ஆகஸ்ட் 16 அன்று அவர் கைக்கு வந்தது. மூன்று முறை வாசித்தார். ஓரத்தில் இரண்டு துளையிட்டுக் கோப்பில் சேர்த்தார். அதன் பிறகுதான் கோபப்பட்டார். எந்தக் கோபமானாலும் அந்த வரிசை அவரிடம் மாறுவதில்லை.

அவர் மனைவி எலிசா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருப்பவர். பணி முடிந்து வந்தவர் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன எழுதியிருக்கு?"

"நாம கேட்ட எடம் கடலுக்குள்ள கெடக்காம்."

"அப்ப போன வருசம் நான் கொடையும் பிடிச்சிட்டு எங்க நின்னேன்? கடலுக்குள்ளயா?"

"அவங்க கணக்குப்படி ஆமா."

"நல்ல வேள, சேல நனையல்ல."

எலிசா சிரித்தார். ஏசுஅடிமை சிரிக்கவில்லை. அவர் கேட்டிருந்தது பெரிய காரியமல்ல. ஒரு பலகை, அதன்மேல் எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடிய ஒரு பாய், பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆள். காற்று இழுக்க, அலைமேல் ஏறி இறங்கும் இந்த விளையாட்டுக்கு விண்ட்சர்ஃபிங் என்று பெயர். புன்னந்துறைக்காரர்கள் பாய்ப்பலகை என்கிறார்கள். அவர் தம் பலகையை அந்தக் கரையிலிருந்து கடலில் இறக்க ஒரு தாள் வேண்டும் என்று கேட்டிருந்தார். தாள் இல்லாவிட்டால் இறங்கக்கூடாது. இறங்குவதற்கு ஏற்ற காற்று ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் அடங்கிவிடும். கடிதம் வந்த நாளில் மீதம் இருந்தது ஆறு வாரம்.

அவர் யார் என்பதற்கு ஆவணங்கள் உண்டு. கோப்பு எண் ஒன்றில் முதல் தாள் 1987ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். கணக்கில் நூற்றுக்கு முப்பத்து நான்கு. இரண்டாம் தாள், மறுகூட்டல் கேட்டு அவர் எழுதிய கடிதத்தின் நகல். மூன்றாம் தாள் இல்லை. பதில் வரவே இல்லை. அந்த ஒரு மதிப்பெண் கிடைத்திருந்தால் அவர் கருங்கலில் தையல் கற்கப் போயிருக்க மாட்டார். தையல் கற்காமலிருந்தால் 1996இல் ஓமனுக்குப் போயிருக்க மாட்டார். போயிருக்காவிட்டால், கடற்கரை விடுதி ஒன்றின் பின்கட்டில், வெளிநாட்டுப் பயணிகள் கிழித்துக்கொண்டு வரும் பாய்களுக்கு ஒட்டுப்போடும் வேலை அவருக்குக் கிடைத்திருக்காது. ஆகவே அந்த முப்பத்து நான்கைப் பற்றி அவருக்கு வருத்தம் குறைவு. பதில் வராததைப் பற்றித்தான் வருத்தம்.

ஓமனில் அவருக்கு யாரும் பாய்ப்பலகை கற்றுத் தரவில்லை. தைத்த பாய் காற்றைத் தாங்குகிறதா என்று தைத்தவனே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மேலாளர் ஒரு நாள் உத்தரவிட்டார். அவ்வளவுதான் பயிற்சி. அன்று அவர் கடலில் பதினேழு முறை விழுந்தார். பதினேழுக்கும் காரணம் எழுதி வைத்தார். நான்கு மாதம் இப்படி விழுந்து எழுதியவை கோப்பு எண் நான்கில் இருக்கின்றன. "பாயை விடாமல் பிடித்தேன். பிறகு பாய் என்னை விடவில்லை" என்பது ஒரு பதிவு. "கரையில் நின்ற ஒருவர் கை அசைத்தார். நானும் அசைத்தேன்" என்பது இன்னொன்று. ஐந்தாம் மாதத்தில் பதிவுகள் குறைகின்றன. ஆறாம் மாதத்தில் ஒரே வரிதான்: "இன்று அலை என்னைத் தூக்கியது, நானும் சம்மதித்தேன்."

அதன் பிறகு அந்த விடுதியில் எந்தப் பாய் தைத்தாலும் சோதனை செய்யாமல் அவர் கொடுத்ததில்லை. சில பாய்களுக்கு இரண்டு மூன்று நாள் சோதனை தேவைப்பட்டது.

2020இல் வேலை முடிந்து ஊர் திரும்பினார். கப்பலில் பழைய பலகை ஒன்றும் அவரே ஒட்டுப்போட்ட பாய்கள் இரண்டும் வந்தன. மினி லாரியிலிருந்து இறக்கியபோது தெருவில் இருந்தவர்கள் அதை விமானச் சிறகு என்று நினைத்தார்கள். பலகை வந்துவிட்டது, இனி அதற்கு ஒரு கரை வேண்டும்.

கடல் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அலையில் பாய்ப்பலகை விட்டதில்லை. காற்று கடலிலிருந்து நேரே கரையை நோக்கி வீசினால் உடையும் அலைகளைத் தாண்டி வெளியே போக முடியாது. கரையிலிருந்து நேரே கடலை நோக்கி வீசினால் வெளியே போகலாம், திரும்பி வர முடியாது. காற்று கரையோடு கரையாக, பக்கவாட்டில் வீச வேண்டும். அலை மணலிலேயே குத்தி உடையாமல், தூரத்தில் ஓர் ஓரமாக உடையத் தொடங்கி மறு ஓரத்துக்கு உருண்டு வர வேண்டும். அலை உடையாத ஒரு வாய்க்கால் வெளியே போவதற்கு வேண்டும். விழுந்தால் காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கத்தில் கல் இருக்கக்கூடாது. இந்த நான்கும் ஓரிடத்தில் சேர்வது அரிது.

அவர் நீரோடியிலிருந்து மணக்குடி வரை ஸ்கூட்டரில் போய்த் தேடினார். பையில் கையளவு காற்றுமானி, ஒரு சிவப்பு நாடா கட்டிய குச்சி, ஒரு நோட்டு. ஒவ்வொரு கரையிலும் காலை ஒன்பதுக்கும் மதியம் இரண்டுக்கும் மாலை நான்கரைக்கும் நின்று காற்றின் வேகம், திசை, அலை உடையும் தூரம் ஆகியவற்றை எழுதினார். ஒரு கரைக்கு ஒரு முறை போய் முடிவு சொல்வது அவர் வழக்கமல்ல; குறைந்தது ஆறு முறை. மண்டைக்காட்டில் காற்று நன்றாக இருந்தது. ஆனால் அலை கரையிலேயே குத்தியது. பாய்மரத்தை ஒரே அடியில் இரண்டாக்கிவிடும். துறைமுகத்துப் பக்கம் பாறைச்சுவர் காற்றை மறித்தது. விசைப்படகுகள் குறுக்கே வந்தன. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு என்று கல்லடுக்கிக் கடலுக்குள் கட்டியிருக்கும் இடங்களில் அலை மிக அழகாக உருண்டது. உருண்டு அந்தக் கற்களிலேயே போய் முடிந்தது. "பார்க்க நன்று. விழ நன்றன்று" என்று அந்தக் கரைகளுக்கு எதிரே எழுதினார்.

ஒரு முறை எலிசாவையும் அழைத்துக்கொண்டு பேச்சிப்பாறை அணைக்குப் போனார். மூன்று மணி நேரம் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அலையில்ல" என்று கடைசியில் சொன்னார்.

"அணையில அலையில்லேன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் லீவு போச்சு" என்றார் எலிசா. "நாளைக்கி எங்க? மருத்துவாமலையா?"

இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் கழிந்தபின் புன்னந்துறை கிடைத்தது. அங்கே ஓர் ஓடை கடலில் கலக்கிறது. அந்த வாயைப் பொழி என்பார்கள். ஏசுஅடிமை பொழியின் ஓரம் நாடாவுடன் நின்ற மூன்றாம் நாள், வள்ளத்தை மேலேற்றிவிட்டு வந்த ஒருவர் அவர் அருகில் நின்றார். சிலுவைதாசன் என்று பெயர், அறுபது வயது, நாற்பத்தைந்து ஆண்டுகளாக அந்தத் துறையில் கடலுக்குப் போகிறவர்.

"ஓய், மூணு நாளா பாக்கேன். காத்தப் பிடிச்சு நோட்டுக்குள்ள அடைக்கீரா?"

"எழுதி வைக்கேன் அண்ணே. பாய் வச்ச பலக ஒண்ணு உண்டு. எறக்க எடம் பாக்கேன்."

"பாய் வச்ச பலகையா? எஞ்சின் இல்லாமலா?"

"இல்லாமத்தான்."

சிலுவைதாசன் கடலைப் பார்த்தார். "எங்கப்பன் கட்டுமரத்துல பாய் விரிச்சுப் போனவன். நான் எஞ்சின் வாங்கினேன். நீரு திரும்பவும் பாயா?" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். "இங்ஙன நிக்காதயும். பொழிக்கு மேக்கால ஒரு இருநூறு மீட்டர் போவும். மேக்க இருந்து அடிக்க கச்சான் காத்து கரையோட வரும். வெளிய ஒரு பாறை கெடக்கு. அல அதுல தட்டி ஒடஞ்சு கிழக்கோட்டு உருண்டு வரும். நீரு மேக்கால எறங்கினா காத்து உம்ம பொழிக்கு நேர தள்ளும், அந்தப் பக்கம் கல்லு கெடையாது. பொழித் தண்ணி வெளிய இழுக்கும், அதுல அல ஒடயாது. அது வழியே வெளிய போயி, மேல ஏறி, அலையோட திரும்பி வாரும். தெரிஞ்சா?"

நான்கு நிபந்தனையும் ஒரே மூச்சில். ஏசுஅடிமை நோட்டைத் திறந்து, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்: பொழிக்கு மேற்கே இருநூறு மீட்டர். ஆறு முறை சோதித்தார். 2023 ஜூன் 21 அன்று முதன்முதலாக இறங்கினார். அன்று நான்கு முறை விழுந்தார், பதினொரு அலை ஏறினார். எலிசா குடை பிடித்துக்கொண்டு நின்று எண்ணினார்.

ஓராண்டு இப்படிச் சென்றது. 2024 ஜூலை 3 அன்று கரையோர ரோந்தில் வந்த ஏட்டு கோலப்பன் அவரைக் கையசைத்துக் கரைக்கு அழைத்தார். நல்ல மனிதர். பலகையைத் தடவிப் பார்த்தார், பாயின் தையலைப் பாராட்டினார், பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கடதாசி இருக்கா அண்ணாச்சி?"

1987 முதல் கையில் வந்த ஒரு துண்டுத் தாளையும் தவறவிடாத மனிதரிடம் அந்த ஒரு கடதாசி மட்டும் இல்லை. அப்படி ஒன்று உண்டு என்றே அவருக்குத் தெரியாது. அந்த வெட்கம் அவருக்கு ஒரு வாரம் இருந்தது. ஜூலை 8 அன்று மனு கொடுத்தார். இணைப்பு நாற்பத்தாறு தாள்; காற்றுப் பதிவுகள் ஆயிரத்து நூற்று நாற்பது. மனுப் படிவத்தில் "இடம் (திசை, தூரம்)" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் சிலுவைதாசன் சொன்னதை எழுதினார். அதற்குக் கிடைத்த பதிலைத்தான் தொடக்கத்தில் சொன்னோம்.

ஆகஸ்ட் 20 அன்று அவர் கோப்புடன் அலுவலகத்துக்குப் போனார். மனுவைப் பார்த்தவர் தணிகைவேல் என்னும் இளைஞர். சென்னைப் பக்கத்துக்காரர், மாவட்டத்துக்கு வந்து நான்கு மாதம். மரியாதையாக நாற்காலி கொடுத்தார். கணிப்பொறியைத் திருப்பிக் காட்டினார்.

"இதான் சார் பொழி. சரியா?"

"சரி."

"இங்கேர்ந்து மேற்கே இருநூறு மீட்டர்." திரையில் ஒரு கோடு புறப்பட்டு, மணலைத் தாண்டி, நீலத்துக்குள் போய் நின்றது. "கடல். பக்கத்துல பாறை. நீங்களே பாருங்க."

"நீங்க கடலுக்குள்ள போறீங்க. மேற்கு கரையோட போகும்."

"மேற்கு எப்படி சார் கரையோட போகும்? மேற்கு மேற்காத்தான் போகும்."

"எங்க ஊர்ல கரையோடத்தான் போகும்."

"எங்க ஊர்ல கடல் கிழக்குல இருக்கு சார்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

தணிகைவேல் பொறுமையாகக் காற்றுப் பதிவுகளையும் எடுத்தார். செயற்கைக்கோள் தரவுடன் ஒப்பிட்டிருந்தார். "நீங்க மேற்குக் காற்றுன்னு எழுதின ஒவ்வொரு நாளும் வடமேற்குக் காற்றுதான் வீசியிருக்கு. ஆயிரத்து நூத்தி நாப்பதுல ஒண்ணுகூடச் சரியில்ல."

"ஒண்ணுகூட சரியில்லியா?"

"ஒண்ணுகூட."

"எல்லாம் ஒரே அளவுதான் மாறுதா?"

தணிகைவேல் திரையைப் பார்த்தார். "ஆமா. நாப்பது டிகிரி மாதிரி."

ஏசுஅடிமை பேருந்தில் திரும்பினார். சங்கதி அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்களில் கடலைப் பார்த்து நின்றால் எதிரே இருப்பது தெற்கு. முதுகுப் பக்கம் வடக்கு. வலக்கை கேரளத்தைக் காட்டினால் அது மேற்கு. இடக்கை கன்னியாகுமரியைக் காட்டினால் அது கிழக்கு. வழி சொல்வதும் காற்றுக்குப் பெயர் வைப்பதும் வீட்டுக்கு எல்லை சொல்வதும் இப்படியே. கரைதான் அங்கே திசைமானி. அந்தக் கரை நேர் மேற்கே ஓடவில்லை, வடமேற்காகச் சரிந்து ஓடுகிறது என்பதை யாரும் பொருட்படுத்தியதில்லை. பொருட்படுத்த வேண்டிய தேவையும் வந்ததில்லை. எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்தவர், இதை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டார்.

மறுநாள் ஒரு திசைமானி வாங்கிக்கொண்டு புன்னந்துறை மணலில் போய் நின்றார். ஊரின் மேற்குக்கும் ஊசியின் மேற்குக்கும் இடையே நாற்பத்திரண்டு பாகை. தரையில் குச்சியால் கணக்குப் போட்டார். அலுவலகம் அவரைக் கொண்டு நிறுத்திய இடம் கரையிலிருந்து நூற்று முப்பத்து நான்கு மீட்டர் கடலுக்குள். முப்பத்து நான்கு வாங்கிய கணக்கு அன்று பிசகவில்லை.

"இருபத்தாறு வருசமா தெக்குப் பக்கம் துணி காயப்போடுதேன்" என்றார் எலிசா, செய்தி கேட்டு. "வெயில் ஒரு சைடாவே விழுதேன்னு நெனச்சிருக்கேன். இப்பல்லா வெளங்குது."

"சிரிக்காத. ஆயிரத்து நூத்தி நாப்பது பதிவு."

"எல்லாம் தப்பா?"

"தப்பில்ல. தப்புன்னா ஒண்ணு அங்ஙன ஒண்ணு இங்ஙன இருக்கும். இது எல்லாம் ஒரே அளவு. அளவுகோல்தான் வேற."

"அப்ப அத எழுதிக் குடுங்க. உங்க மேக்கு இது, அவங்க மேக்கு இதுன்னு. ஒரு பக்கம் மதனி, ஒரு பக்கம் நாத்தனார் மாதிரி ரெண்டும் இருந்துட்டுப் போட்டும்."

அவர் எழுதினார். ஊர்த்திசை, ஊசித்திசை என்று இரண்டு பத்தி வைத்த ஓர் அட்டவணை. அதனுடன் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. ஆகஸ்ட் 26 அன்று இரண்டாவது மனு போயிற்று. செப்டம்பர் 3 தேதியிட்ட பதில் வந்தது: "முதல் மனுவில் ஒரு திசையும் இரண்டாம் மனுவில் வேறு திசையும் குறிப்பிடப்பட்டுள்ளமையால், செப்டம்பர் 9 அன்று நேரில் ஆய்வு செய்யப்படும். மனுதாரர் செயல்விளக்கம் அளிக்க வேண்டும்." துளையிட்டார், கோப்பில் சேர்த்தார், இம்முறை கோபப்படவில்லை.

ஒன்பதாம் தேதி தணிகைவேல் புன்னந்துறைக்கு வந்தார். சப்பாத்துக்குள் மணல் புகுந்து நடக்கச் சிரமப்பட்டார். காற்று அவர் கையிலிருந்த படிவங்களைப் பிடுங்கப் பார்த்தது. ஏசுஅடிமை ஓர் அட்டையும் கிளிப்பும் கொடுத்தார். வள்ளத்தின் அருகே சிலுவைதாசனும், சற்றுத் தள்ளிக் குடையுடன் எலிசாவும் நின்றிருந்தார்கள்.

"பெரியவரே, மேற்கு எது?" என்றார் தணிகைவேல்.

சிலுவைதாசன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சாருக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க சொல்லுங்க."

சிலுவைதாசன் கரையோடு கையை நீட்டினார். பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த இருவரும் கேட்காமலே அதே பக்கம் கை நீட்டினார்கள்.

தணிகைவேல் கைப்பேசியில் திசைமானியைக் காட்டினார். "இது என்ன சொல்லுதுன்னா, மேற்கு அதோ, கடலுக்குள்ள."

"அந்த போன் எந்த ஊரு?" என்றார் சிலுவைதாசன்.

அந்த நேரத்தில் அந்தக் கைப்பேசியே மணியடித்தது. மேலதிகாரி. காற்று இரைச்சலில் தணிகைவேல் ஒரு காதைப் பொத்திக்கொண்டு உரக்கப் பேசினார். "ஸ்பாட்லதான் சார் இருக்கேன்... இல்ல சார், கரைதான்... பொழிக்கு மேற்கால, ஒரு இருநூறு மீட்டர்." பேசி முடித்துத் திரும்பியபோது ஐந்து பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முதலில் புரியாமல் நின்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றார் சிலுவைதாசன். "சாரு நம்ம ஊராயிட்டாரு."

எஞ்சியது செயல்விளக்கம். ஏசுஅடிமை பாயை விரித்துக் கட்டத் தொடங்கியபோது கோலப்பன் வந்து சேர்ந்தார். கடதாசி இல்லாமல் இறங்கக்கூடாது என்று அவர் வருத்தத்துடன் சொன்னார். செயல்விளக்கம் இல்லாமல் கடதாசி தர முடியாது என்றார் தணிகைவேல். இருவரும் தங்கள் தங்கள் விதிகளைச் சொன்னார்கள். இருவர் சொன்னதும் சரியாகவே இருந்தது. காற்று மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் கரையோடு வீசிக்கொண்டிருந்தது. ஏசுஅடிமை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசியில் தணிகைவேல் ஆய்வுப் படிவத்தின் அடியில் எழுதினார்: "செயல்விளக்கத்தின் பொருட்டு மனுதாரர் மேற்படி கரையிலிருந்து பாய்ப்பலகையுடன் கடலில் இறங்கலாம்." கையெழுத்திட்டு, பையிலிருந்த முத்திரையை எடுத்துக் குத்தினார். கோலப்பன் வாசித்துத் தலையசைத்தார்.

"ஒரு நகல் வேணும்" என்றார் ஏசுஅடிமை.

"ஆபீஸ் போய் ஜெராக்ஸ்..."

"வேண்டாம் சார். அட்டையில வைக்கும்போதே அடியில கார்பன் வச்சிருக்கேன்." முத்திரையை மட்டும் நகலிலும் ஒருமுறை குத்தித் தரக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இறங்கினார். இரண்டு மாதம் ஆறு நாள் கழித்துத் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பலகைமேல் ஏறி நின்று பாயை இழுத்தவுடன் காற்று அவரைக் கிழக்கே கொண்டு சென்றது. பொழியின் நேரே தண்ணீர் நிறம் மாறிக் கலங்கலாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அதில் சேர்ந்ததும் இருபுறமும் அலை உடைய, நடுவே சாலை போட்டதுபோல் வழி கிடைத்தது. வெளியே போய், திரும்பி, காற்றை எதிர்த்துச் சாய்ந்து சாய்ந்து மேலேறினார். பாறையின் வெளிப்புறத்தில் ஓர் அலை எழும்பக் காத்திருந்தார். மூன்றை விட்டுவிட்டார். நான்காவது பாறையில் தட்டி நிமிர்ந்தது. தட்டிய முனையில் வெள்ளை நுரை விழத் தொடங்கியபோது அவர் அலையின் தோளில், இன்னும் உடையாத பக்கத்தில் இருந்தார். வெள்ளை பின்னால் துரத்த, முன்னால் பச்சைச் சுவராக நின்ற தண்ணீரில் கீழே இறங்கி, வளைந்து, மீண்டும் விளிம்புவரை ஏறி, நுரையைத் தட்டிவிட்டு மறுபடி இறங்கினார். ஒரே அலையில் ஐந்து வளைவு. அலை பொழியருகே வந்து தளர்ந்தபோது இறங்கி நின்று, எதையோ உரக்கச் சொன்னார். கரையில் யாருக்கும் கேட்கவில்லை.

"என்ன சொல்லுதாரு?" என்றார் கோலப்பன்.

"அஞ்சுன்னு எண்ணுதாரு" என்றார் எலிசா. அன்று அவர் மறுபடியும் விடுப்பு எடுத்திருந்தார்.

தணிகைவேல் விளக்கம் போதும் என்று சொல்லவேண்டிய நேரம் எப்போதோ கடந்திருந்தது. அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். போகும்போது ஏசுஅடிமையிடம் சொன்னார்: "நல்லா ரிப்போர்ட் எழுதறேன் சார். மேல ரெண்டு கையெழுத்து ஆகணும். நவம்பர்ல வந்துடும்."

நவம்பரில் காற்று இருக்காது. வீட்டுக்கு வந்து ஏசுஅடிமை நகலை மேசையில் வைத்து முதல் முறை வாசித்தார். இரண்டாம் முறை வாசித்தார். மூன்றாம் முறை வாசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எலிசாவிடம் நீட்டினார்.

"இதுல எந்தத் தேதியோட முடியுதுன்னு பாரு."

எலிசா பார்த்தார். அவரும் பள்ளி எழுத்தர். தாளை வாசிக்கத் தெரிந்தவர். "முடியுத தேதி இல்லியே. 'இறங்கலாம்'னுதான் இருக்கு."

"எத்தன தடவைன்னு?"

"அதும் இல்ல."

மறுநாள் செப்டம்பர் 10. அவர் கரையில் பாயை விரித்துக்கொண்டிருந்தபோது கோலப்பன் வந்தார். பிளாஸ்டிக் உறையிட்ட நகலை அவரிடம் கொடுத்தார் ஏசுஅடிமை. கோலப்பன் வாசித்தார், முத்திரையைத் தடவினார், வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"இது நேத்து முடிஞ்சில்லா?"

"அப்பிடி எங்க எழுதியிருக்கு?"

கோலப்பன் மறுபடி தேடினார். "எழுதல்ல."

"அப்ப செயல்விளக்கம்."

"ஆருக்கு அண்ணாச்சி விளக்குதிய?"

"பாக்கவங்களுக்கு."

கோலப்பன் சற்று யோசித்துவிட்டு, வள்ளத்து நிழலில் போய் உட்கார்ந்தார். "நான் பாக்கேன்" என்றார்.

அப்படி ஒன்பது நாள் செயல்விளக்கம் நடந்தது. விளக்கம் பெற்றவர்களின் பெயர்களையும் அவர்களது கையெழுத்துகளையும் அவர் ஒவ்வொரு நாளும் வாங்கி வைத்தார், மொத்தம் நாற்பத்தொன்று. சிலுவைதாசன் ஒன்பது நாளும் கையெழுத்திட்டு, குறிப்புப் பத்தியில் ஒன்பது நாளும் "இன்னும் செரியா வெளங்கல, நாளையும் வேணும்" என்று எழுதினார்.

செப்டம்பர் 19 பிற்பகல் தணிகைவேல் தொலைபேசியில் அழைத்தார். குரலில் சங்கடம் இருந்தது. "சார், அது அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்தான் சார். மேலிடத்துல கேக்கறாங்க. நிறுத்திக்குங்க."

"அன்னைக்கு மட்டும்னு எழுதியிருக்கா சார்?"

"எழுதல. ஆனா அர்த்தம் அதான்."

"நல்லது. அந்த அர்த்தத்த எழுதித் தாங்க."

பிறகு தணிகைவேல் கேட்டார்: "இன்னிக்குக் காத்து எப்படி சார்?"

"கொள்ளாம். கச்சான், முப்பத்தெட்டு. உங்க கணக்குல வடமேக்கு."

செப்டம்பர் 20 காலையில், கடை திறப்பதற்கு முன், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அவர் அனுப்பிய கடிதத்தின் நகல் கோப்பு எண் பதினொன்றில் இருக்கிறது. அதன் வாசகம்:

"ஐயா, தங்கள் அலுவலக முத்திரையுடன் 09.09.2024 அன்று வழங்கப்பட்ட அனுமதி முடிந்துவிட்டதாக 19.09.2024 அன்று வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. வாய்மொழியைக் கோப்பில் சேர்க்க இயலாது. ஆகவே, அந்த அனுமதி எந்த நாளில் முடிந்தது, அந்த நாள் அதே தாளில் எந்த வரியில் உள்ளது, செயல்விளக்கம் என்பது எத்தனை அலை, முதல் மனுவை நிராகரித்தபோது மேற்கு எது என்பதை அலுவலகம் எவ்விடத்தில் நின்று முடிவு செய்தது ஆகிய நான்குக்கும் தனித்தனியே, நாளிட்டு, கையொப்பமிட்டு, இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தருமாறு கோருகிறேன். பதில் கைக்கு வரும்வரை, நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்குச் செயல்விளக்கம் நடைபெறும்."